என் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்த மாமனார்

எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா, என் கல்லறையைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் அருளானந்தம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி ரொட்டிக் கடை வைத்திருந்தார். அவர் வருவதற்கு முன்னால் ரொட்டி வாசனை வந்துவிடும். அன்றும் வந்தது. கூடவே கடலூர்ச் சாலையின் தூசி வேட்டியில் முழங்கால்வரை ஏறியிருந்தது. அம்மா மீன் வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்திருந்தார். காப்பியை ஆற்றினார். ஆறிப்போன பிறகும் ஆற்றினார்.

“தம்பி, உங்க அம்மா ஊருக்குப் போயிருந்தேன். பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி தாய்வழி ஊர்ல நாலு பேரக் கேக்கறது வழக்கம். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“இல்லைங்க மாமா. கேக்கணும்.”

“கேட்டேன். கோயில்ல சாமியார் இல்ல, அவருக்கு ஒத்தாசையா இருக்கற உபதேசியார்தான் இருந்தாரு. ராயப்பன்னு இந்த வீட்டுப் பொண்ணோட மவன், ஆளு எப்படின்னு கேட்டேன். தங்கமான புள்ளன்னாரு. யார்கிட்ட குடுத்தாலும் போவும், அழவே அழாதுன்னாரு.”

இருபத்தாறு வயது மாப்பிள்ளைக்கு இது கொஞ்சம் புதுமாதிரியான சிபாரிசுதான். ஆனாலும் நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்புறம் சொன்னாரு, ‘பாவம், அது செத்தே இருபத்தாறு வருஷம் ஆவுது’ன்னு. கோயிலுக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி காட்டுனாரு. சின்ன சிமெண்டுச் சிலுவ. பேரு போட்டிருக்குது.”

நான் மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். துடித்தது. தேவைக்கு மேலேயே துடித்தது.

“மாமா, நான் விவரமா சொல்லிடறேன்.”

“வேணாம். உபதேசியார் ஏட்டயும் காட்டிட்டாரு. பெரியவன் ராயப்பன், போயிட்டான். அடுத்த மூணாம் மாசம் சின்னவன் பொறந்திருக்கான். சின்னப்பன்னு ஞானஸ்நானம். இப்போ என் எதிர்ல உக்காந்திருக்கறது அந்தச் சின்னப்பன். அது எனக்குப் புரிஞ்சிடுச்சு. புரியாதது ஒண்ணுதான். கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம கலியாண ஓல வாசிப்பாங்களே, அதுல எந்தப் பேர வாசிக்கச் சொல்றது?”

“யார் பேர வாசிச்சாலும் வந்து நிக்கப்போறது நான்தானே மாமா?”

எங்கள் தெருவில் இந்த மாதிரிப் பதிலுக்கு நாலு பேராவது சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. கொண்டுவந்த ரொட்டியை மேசைமேல் வைத்தார். வரும் வழியில் கடையில் எடுத்தது போலிருக்கிறது, இன்னும் சூடாக இருந்தது. செத்தவன் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாத மனுஷர்.

ஒரு வாசகருக்குப் பதில்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகர் போன மாதம் ஒரு கார்டு போட்டிருந்தார். கட்டுரைக்கு மேலே சின்னப்பன் என்று பெயர் இருக்கிறது. உள்ளே எல்லாரும் உம்மை ராயப்பா, ராயப்பா என்கிறார்கள். நீர் உண்மையில் யார் என்று கேட்டிருந்தார். ஐயா, அதே கேள்வியை நீங்கள் மட்டும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் அரசாங்கமே கேட்டது.

நான் பிறந்த காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. சுற்றிலும் இங்கிலீஷ்காரர். நடுவே இருந்த எல்லை நேர்கோடாக இருந்திருந்தால்கூடப் பிழைத்திருப்போம். அது வயலுக்குள் புகுந்து, குளத்தைச் சுற்றி, ஒருவர் வீட்டுக் கொல்லையில் நுழைந்து, இன்னொருவர் வீட்டு வாசலில் வெளியே வரும். அம்மா பிறந்த ஊர் நோணாங்குப்பத்தைத் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம்.

என் அண்ணன் பிறந்தது இங்கே, டவுனில். அப்பா நல்ல பிள்ளையாக மேரிக்குப் போய், அதாவது நகரசபைக்குப் போய், ராயப்பன் என்று ஏட்டில் எழுதிவிட்டு வந்தார். என்னை வயிற்றில் சுமந்துகொண்டு, ஒன்றரை வயது அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். போன இடத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து அதே வீட்டில் நான் பிறந்தேன். ராயப்பனுக்குத் தம்பி என்றால் சின்னப்பன்தான். ராயப்பர் என்றால் பேதுரு, சின்னப்பர் என்றால் பவுல்; அந்த இரண்டு அப்போஸ்தலர்களுக்கும் ஒரே நாளில்தான் திருநாள். ஒருவர் பெயர் வைத்த வீட்டில் மற்றவர் பெயரும் காத்திருக்கும்.

அம்மா திரும்பி வந்தபோது எல்லைச் சாவடியில் சிப்பாய் ஏட்டைப் பார்த்தானாம். போகும்போது ஒரு பெண், ஒரு குழந்தை. வரும்போதும் ஒரு பெண், ஒரு குழந்தை. சரியாக இருந்தது. குழந்தை சின்னதாகிப் போயிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

ஆக, அண்ணன் செத்தது அந்தப் பக்கத்து ஏட்டில். நான் பிறந்ததும் அந்தப் பக்கத்து ஏட்டில். புதுச்சேரி ஏட்டின்படி செத்தவன் உயிரோடு இருந்தான். உயிரோடு இருந்தவன் பிறக்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் அப்பா வீட்டை மாற்றினார். புதுத் தெருவில் யாருக்கும் அண்ணனைத் தெரியாது. எனக்கு ஐந்து வயதானபோது என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சீட்டு கேட்டார்கள். அப்பா மில்லில் வேலை செய்தவர். அரை நாள் லீவு கேட்பதற்கே மூன்று நாள் யோசிப்பவர். எல்லை தாண்டிப் போய், இங்கிலீஷ் காகிதம் வாங்கி, அதைப் பிரெஞ்சில் மாற்றி, முத்திரை வாங்கி… பெட்டியைத் திறந்தார். அடியில் அண்ணனின் சீட்டு இருந்தது. எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலத்திலிருந்து நான் ராயப்பன். வயதும் ஒன்றேமுக்கால் கூடியது.

என்னைவிடப் பெரிய பையன்கள் நடுவே உட்கார்ந்தேன். அடிக்க வருகிறவனைச் சிரிக்கவைத்தால் அடி பாதியாகக் குறையும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். இந்தத் தொடரை நீங்கள் வாரா வாரம் படிக்கிற கஷ்டத்துக்கு மூல காரணம் அந்தச் சீட்டுதான்.

அப்பா ராயப்பா என்றார். வாத்தியார், தெரு, பிற்பாடு மின்சார இலாகா, எல்லாரும் ராயப்பன் என்றார்கள். அம்மா மட்டும் சொல்லவில்லை. சந்தோஷமானாலும் கோபமானாலும் ‘சின்னவனே’தான். சின்னவன் என்றால் பெரியவன் ஒருவன் இருந்திருக்க வேண்டுமே என்று எனக்கு எட்டு வயதில் தோன்றியது. அப்பா சொன்னார், சுருக்கமாக. அம்மாவிடம் கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கான்வென்ட் மீட்டர்

நான் மின்சார இலாகாவில் வீடு வீடாகப் போய் மீட்டர் குறிப்பவன். இதில் ஒரு சௌகரியம் உண்டு. எனக்குப் பார்த்திருந்த பெண் பிலோமின், கான்வென்டில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். கான்வென்டின் மீட்டர் தையல் அறையின் வாசலில், உயரத்தில் இருந்தது. மாதம் ஒருமுறை கன்னிகாஸ்திரீகளின் சம்மதத்தோடு, அரசாங்கச் செலவில், நான் முக்காலியில் ஏறி நின்று அவளைப் பார்க்கலாம்.

அவள் அப்பா வந்துபோன மூன்றாம் நாள் அந்த முறை வந்தது. ஏறி நின்றேன்.

“வாங்க கொழுந்தனாரே,” என்றாள் பிலோமின், துணியை வெட்டிக்கொண்டே.

முக்காலி ஆடியது.

“யாரு கொழுந்தன்?”

“மேரி ஏட்டுல என்னைக் கட்டப்போறவரு ராயப்பன். அவரு உங்க அண்ணன். அப்போ நான் உங்களுக்கு அண்ணி. அண்ணிகிட்ட மீட்டர் பாக்கற சாக்குல வந்து பல்லக் காட்டலாமா?”

உள்ளே இரண்டு பெண்கள் ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள்.

“பிலோமின், ஊருக்கே நான்தான் ராயப்பன்.”

“ஊருக்குன்னா சரி.” அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். குரல் இறங்கியது. “தமாஷ் வேணாங்க. நாளைக்கு ஒரு புள்ள பொறக்கும். அப்பன் பேருன்னு ஒண்ண எழுதுவாங்க. அங்க அந்தக் கொழந்த பேரயா எழுதறது? ஒன்றர வயசுல போன புள்ளைங்க அது. அதக் கூட்டியாந்து பரீட்ச எழுத வச்சீங்க, வேலைக்கு அனுப்பினீங்க. இப்போ புருஷனாக்கி அப்பனாக்கணுமா? பாவமா இல்ல உங்களுக்கு?”

எனக்கு இது தோன்றியதே இல்லை. அண்ணன் பெயரை நான் சுமக்கிறேன் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அவன் என்னைச் சுமக்கிறான் என்று அந்தப் பெண்தான் சொன்னாள்.

“மாத்திட்டு வாங்க. நான் எங்கயும் போவல. தைக்க நெறைய கெடக்குது.”

அன்று கான்வென்ட் மீட்டரின் எண்ணைப் பக்கத்து மாவு மிஷினின் பெயருக்கு நேரேயும், மிஷினின் எண்ணைக் கான்வென்டுக்கு நேரேயும் எழுதிவிட்டேன். மாவு மிஷின்காரர் சந்தோஷப்பட்டார். கன்னிகாஸ்திரீகள் ஜெபம் பண்ணினார்கள்.

விரலுக்குப் பேர் கிடையாது

அப்போது பிரெஞ்சுக் கொடி இறங்கி ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். கொடிதான் இறங்கியது. ஏடும் சட்டமும் இறங்கவில்லை. பெயர் மாற்றுவது என்றால் பழைய பிரெஞ்சு முறைப்படி மேரியில் நேரில் போய் நின்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அது நீதிபதிக்குப் போய், உத்தரவாகி, திரும்பி வர வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். ஐந்து வயதில் தொடங்கிய ஆள்மாறாட்டம். அண்ணன் பெயரில் படித்து, பாஸ் பண்ணி, வேலை வாங்கி, அண்ணன் பெயரில் சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். பிடித்தால் பிரெஞ்சுச் சட்டத்தில் பிடிப்பார்களா, இந்தியச் சட்டத்திலா? இரண்டிலும் பிடித்தால் ராயப்பனுக்கு ஒரு ஜெயில், சின்னப்பனுக்கு ஒரு ஜெயில். நான் எதில் போய் உட்காருவது?

பார்க் ஓரம் மரத்தடியில் ஒரு கிழவர் மனு எழுதுவார். அவரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். பிரெஞ்சில் ஒரு பக்கம், மளமளவென்று எழுதினார். கடைசியில் பேனாவை என்னிடம் நீட்டினார்.

“கையெழுத்து.”

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

“என்னய்யா?”

“எந்தப் பேர்ல போடறது? ராயப்பன்னு போட்டா, நான் ராயப்பன் இல்லன்னு சொல்ற மனுவுல ராயப்பன் கையெழுத்து ஆவுது. சின்னப்பன்னு போட்டா, அப்படி ஒரு ஆளே இல்ல.”

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கைநாட்டு வையி. வெரலுக்குப் பேர் கெடையாது.”

பிரெஞ்சுப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிய நான், மரத்தடியில் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தேன். ஊதா மை நாலு நாள் போகவில்லை. மீட்டர் பார்த்த வீடுகளிலெல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பத்திரம் என்றேன். சொத்து வாங்கிவிட்டேன் என்று தெருவில் பேச்சாகிவிட்டது.

கிளம்பும்போது கிழவர் சொன்னார். “சாட்சி ரெண்டு பேர் வேணும். அப்புறம், அப்பா போயிட்டாலும் அம்மா இருக்காங்க இல்ல? அவங்க வரணும். பெத்தவங்க இருக்கறப்போ, பெத்தவங்க வாயால சொல்லணும்.”

சாட்சிக்கு ஆள் இருந்தது. என் கல்லறையை நேரில் பார்த்த மாமா இருந்தார். உபதேசியார் ஞானஸ்நான ஏட்டின் நகலோடு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அம்மாவிடம்தான் எப்படிச் சொல்வது?

ஜெயில் பயமெல்லாம் அங்கேயே போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. உலகத்தில் அண்ணன் உயிரோடு இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: அந்த மேரி ஏடு. அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்தும் அவனை எடுத்துவிடு என்று அவள் வாயாலேயே சொல்லவைக்கப் போகிறேன். எதற்காக? நான் கலியாணம் பண்ணிக்கொள்வதற்காக.

ஒன்பது நாள் சொல்லவில்லை. பத்தாம் நாள் அம்மா கொல்லையில் கிழங்கான் மீன் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல், காத்திருந்த பூனையைப் பார்த்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூனை கவனமாகக் கேட்டது.

அம்மா கை நின்றது. மணிக்கட்டில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மின்னியது.

“எப்போ போவணும்?”

“வியாழக்கெழம.”

“சரி,” என்றாள். அடுத்த மீனை எடுத்தாள்.

அவ்வளவுதான். அந்த ‘சரி’யை நான் வியாழக்கிழமைவரை தூக்கிக்கொண்டு திரிந்தேன். கோபமா, துக்கமா, ஒன்றும் தெரியவில்லை. ஒரு மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுமப்பதுதான் கனம்.

முசியே கேட்ட கேள்வி

வியாழக்கிழமை அம்மா ஈஸ்டருக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டாள். சைக்கிள் ரிக்‌ஷாவில் போனோம். வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரத் தெருக்களுக்குள் அம்மா வருவது வருடத்துக்கு ஒருமுறை இருக்கும். சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கடற்காற்று வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் வழி நெடுக ரிக்‌ஷாக்காரரிடம் தமாஷ் பண்ணிக்கொண்டு வந்தேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. இறங்கும்போது அந்த மனுஷர் அம்மாவிடம், “பாத்துக்குங்கம்மா இவர,” என்றார்.

பிறப்பு, இறப்பு, கலியாணம் எழுதும் பகுதி உள்ளே கடைசி அறை. அங்கே இருந்த வயதான தமிழ் அதிகாரியை எல்லாரும் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். வேகிற வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். மாமாவும் உபதேசியாரும் முதலில் சாட்சி சொல்லி முடித்தார்கள். உபதேசியார் ஊருக்குப் போகப் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார். மாமா சுவரோர பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டார். முசியே எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு பெரிய ஏட்டை இரண்டு கையாலும் தூக்கிவந்து பிரித்தார். பாச்சை உருண்டை வாசனை வந்தது. ஒரு பக்கத்தில் நிறுத்தி, அம்மா பக்கம் திருப்பினார்.

அண்ணன் இருந்தான். சாய்வான பிரெஞ்சு எழுத்தில், அடியில் அப்பாவின் கோணல் கையெழுத்தோடு. அம்மா ஏட்டைத் தொடவில்லை. விரலை ஓர் அங்குலம் மேலே வைத்து அந்த வரியோடு நகர்த்தினாள்.

“போன்ழூர் மதாம்,” என்றார் முசியே.

“கும்புடறேங்க.”

“உங்க பேரு?”

“மரியம்மாள்.”

“உங்களுக்கு எத்தன புள்ளைங்க?”

தெருவில், கோயிலில், சந்தையில், யார் கேட்டாலும் அம்மா ‘ஒண்ணு’ என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

“ரெண்டு,” என்றாள்.

முசியே எழுதினார். “இப்போ உங்ககூட இருக்கறது?”

என்னைக் காட்டினாள். “இவன். சின்னப்பன்.”

அந்தப் பெயரை அம்மா முழுதாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

“அப்போ ராயப்பன் எங்க இருக்காரு?”

“எங்க ஊர்ல இருக்கான். கோயிலுக்குப் பின்னால.”

முசியே பேனாவை வைத்துவிட்டார். கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார். “அம்மா, அப்படி எழுத முடியாதும்மா. போயிட்டான்னு நீங்க சொல்லணும். என்னிக்கு, எதனாலன்னு சொல்லணும். நீங்க சொல்றத அப்படியே நீதிபதிக்கு அனுப்பணும்.”

மேலே மின்விசிறி டக், டக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அடித்தது. மேசை விளிம்பில் இருந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

என் தைரியம் அந்த அளவுக்குத்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

“முசியே, வேணாம். மனுவத் திருப்பிக் குடுத்துடுங்க. நான் ராயப்பனாவே இருந்துட்டுப் போறேன். எனக்குப் பழகிடுச்சு. மாமா, மன்னிச்சுக்குங்க. பிலோமின்கிட்ட நான் சொல்லிக்கறேன். நான்…”

“நீ சும்மா இரு,” என்றாள் அம்மா.

சும்மா இருந்தேன்.

அம்மா முசியேவைப் பார்த்துப் பேசினாள். “இவன் பயப்படறான். எனக்கு வருத்தமா இருக்கும்னு. வருத்தந்தான். ஆனா இவன் நெனைக்கற வருத்தம் இல்ல அது. அவன் போனது எனக்குத் தெரியாதா? நான்தான் துணி சுத்திக் குடுத்தேன். போனப்புறம் அவனுக்குன்னு இருந்தது பேரு ஒண்ணுதான். இவங்கப்பா அதயும் எடுத்து இவனுக்குக் குடுத்துட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. பள்ளிக்கூடத்துல சேக்கணுமே.”

முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“வருஷா வருஷம் கல்லறத் திருநாளுக்கு செத்தவங்க பேர எழுதிக் குடுப்போம் முசியே. பூசையில சாமியார் வாசிப்பாரு. எங்கம்மா பேரக் குடுத்தேன். அப்புறம் இவங்கப்பா பேரக் குடுத்தேன். அவன் பேர மட்டும் குடுக்க முடியல. குடுத்தா கோயில்ல அத்தினி பேரும் திரும்பி இவனப் பாப்பாங்க. உசுரோட இருக்கற புள்ள பேர செத்தவங்களோட சேத்து வாசிக்க எந்தத் தாய் குடுப்பா? அவனுக்கு வாசிச்சா இவனுக்கு ஆவாது. இவனப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். அவன் பூசையில பேரு இல்லாம கெடக்கறான்.”

முசியே பேனாவைத் தொடவில்லை.

“எழுதிக்குங்க. ராயப்பன் செத்துட்டான். ஒன்றர வயசு. காய்ச்சல்ல.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “குடுத்துடுடா சின்னவனே. ரொம்ப நாளு நம்மளே வச்சிக்கிட்டோம்.”

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மாமா தன் துண்டை நீட்டினார். முகத்தை அதில் புதைத்தேன். துண்டு முழுக்க மாவு. அழுகையும் தும்மலும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு மனிதன் எப்படி இருப்பான் என்பதை அந்த அறையில் மூன்று பேர் பார்த்தார்கள். நான்காவதாக யாருக்கும் காட்டுவதாக இல்லை.

முசியே எழுதி முடித்து, வாசித்துக் காட்டினார். அம்மா கான்வென்டில் மூன்று வருடம் படித்தவள். என் கைநாட்டுக்குப் பக்கத்தில், மணிமணியாகக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நின்றோம்.

“உத்தரவு எப்போ வரும்?” என்றாள்.

“ரெண்டு மூணு மாசம் ஆவும்மா. கலியாணத்த தையில வச்சிக்கலாம்.”

“கலியாணம் கெடக்குது. திருநாளுக்குள்ள வந்துடுமா?”

திருநாள் பூசை

வந்துவிட்டது, திருநாளுக்குப் பத்து நாள் முன்னால். முசியே ஏட்டைப் பிரித்து, அண்ணனின் பக்கத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அதன்படி அவன் இறந்தான். இன்னொரு ஏட்டில் என்னைப் புதிதாக எழுதினார். அதன்படி நான் பிறந்தேன், மீசையோடு.

நகலை எடுத்துக்கொண்டு கான்வென்டுக்குப் போனேன். மீட்டர் பார்க்கும் முறை வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. சின்னப்பனான பிறகு அரசாங்கத்தை நான் ஏமாற்றியது அந்த ஒரு தடவைதான். பிலோமின் காகிதத்தை உதடு அசையப் படித்தாள். என் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மடித்துக் கொடுத்தாள்.

“அண்ணி எங்க?” என்றேன்.

“போயிட்டாங்க. இனிமே மரியாதையா பேசணும் எங்கிட்ட,” என்றாள்.

கல்லறைத் திருநாள் அன்று காலையிலிருந்து தூறல். கோயிலுக்குள் ஈரக் குடைகளும் மெழுகு வாசனையுமாக இருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். பெண்கள் பக்கம் முன்வரிசையில் அம்மா. அவளுக்குப் பின்னால் மூன்று வரிசை தள்ளி பிலோமின் வீட்டுப் பெண்கள். அம்மா தன் சீட்டைத் தானே எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். என்னிடம்கூடக் காட்டவில்லை.

சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். நீளமான பட்டியல். நிதானமான குரல். தெருவில் பார்த்துப் பழகிய பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அம்மாவின் அம்மா வந்தாள். அப்பா வந்தார். அப்புறம் சாமியார், “ராயப்பன்” என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நிற்பதுதான் என் உத்தியோகம். கால் என்னைக் கேட்கவில்லை. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செத்தவர்கள் பட்டியலை வாசிக்கும்போது ஒருவன் ஆஜர் சொல்லி எழுந்து நின்றால் பார்க்கத்தானே செய்வார்கள்? சாமியாரும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். பிலோமின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவள் தோள் குலுங்கியது.

அம்மா மட்டும் திரும்பவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அப்படியே சிரித்தாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாகக் கீழே அமர்த்திக் காட்டினாள்.

உன்னை இல்லைடா. அவனை.

உட்கார்ந்தேன்.